ஆபத்தான பொருளைத் தூர வைத்தல்: முன்னாள் படைவீரர் முதல் தோட்டத்து லயம் வரை

தற்கொலையைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலானோர் "ஆலோசனை கொடுக்கலாம்" என்பார்கள். ஆலோசனை தேவைதான். ஆனால் ஒரு நாட்டின் தற்கொலை எண்ணிக்கையைக் கண்கூடாகக் குறைத்த நடவடிக்கைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பலவற்றில் யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு பொருளைக் கைக்கெட்டும் இடத்திலிருந்து அகற்றினார்கள், அவ்வளவுதான். பொதுச் சுகாதாரத் துறையில் இதற்கு 'வழிகளைக் கட்டுப்படுத்தல்' என்று பெயர். சில நாடுகளில் இது படைவீரரின் துப்பாக்கியைப் பற்றியது. நம் நாட்டில் பூச்சி மருந்தைப் பற்றியது. இதை உலகத்துக்கே செய்து காட்டிய நாடு இலங்கை. கொடிய பூச்சி மருந்துகளுக்குத் தடை கொண்டுவந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் இருப்பதும் மலையகத்தில்தான், பேராதனை கெட்டம்பேயில்.

நெருக்கடி எவ்வளவு நேரம் நிற்கும்?

"சாக முடிவெடுத்தவன் எப்படியும் ஒரு வழியைத் தேடிக்கொள்வான்" என்று தோட்டத்திலும் சொல்வார்கள், டவுனிலும் சொல்வார்கள், சில நேரம் வைத்தியர்களே சொல்வார்கள். தடுப்பு வேலைக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேறில்லை. ஏனென்றால் இது பெரும்பாலும் பொய்.

தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பிய 82 பேரிடம் ஆஸ்திரியாவில் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்த எண்ணம் தோன்றியதற்கும் செயலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் சென்றது என்று கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் 10 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு என்றார்கள். இலங்கைக் கிராமப்புறத்தில் நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2006 இல் வெளியானது. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் யோசித்த நேரம் அரை மணிக்கும் குறைவு. எதை அருந்துவது என்பதை முடிவு செய்தது அதன் வீரியமும் அல்ல. வீட்டில் கைக்குக் கிடைத்தது எதுவோ, அதையே எடுத்ததாகப் பெரும்பாலானோர் சொன்னார்கள்.

துயரம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்கலாம். உயிரைப் போக்கிக்கொள்ளத் துணியும் அந்த உச்சம் மட்டும் குறுகியது. அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே சாவா பிழைப்பா என்பதைத் தீர்மானிக்கிறது. பிழைத்தவர் மறுபடி அதே வழியில் போய்விடுவார் என்று பயப்படுகிறோம். ஆனால் முயன்று உயிர் தப்பியவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வுகளின்படி, பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறக்கவில்லை.

இதற்கு மிகப் பழைய சான்று பிரிட்டனுடையது. வீட்டு அடுப்புகளுக்குக் குழாய் வழியே வந்த நச்சு வாயுவை 1960களிலிருந்து படிப்படியாக நச்சில்லாத வாயுவாக மாற்றினார்கள். தற்கொலையைத் தடுக்கும் நோக்கமே அதில் இல்லை. இருந்தும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963 இல் 5,714 ஆக இருந்த தற்கொலைகள் 1975 இல் 3,693 ஆகக் குறைந்தன. வேறு வழி தேடிப் போனவர்கள் இருந்திருக்கலாம். எல்லோரும் போகவில்லை என்பதே கணக்கு சொல்வது.

படையினர் விஷயத்தில் அரசுகள் செய்தவை

இஸ்ரேல் இராணுவத்தில் கட்டாயச் சேவை செய்யும் இளைஞர்கள் வார இறுதி விடுமுறைக்குத் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. 2006 இல் அதை நிறுத்தி, ஆயுதத்தை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். படையினரிடையே தற்கொலை விகிதம் சுமார் 40 வீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறைந்தவை வார இறுதித் தற்கொலைகள். வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் துப்பாக்கி இல்லாததால் பிழைத்தவர்கள் திங்கட்கிழமை முகாமுக்குத் திரும்பி அதே காரியத்தைச் செய்யவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அமெரிக்காவின் நிலைமை கடினமானது. சேவையை விட்டு விலகியவரின் வீட்டில் இருப்பது அவருடைய சொந்தத் துப்பாக்கி. அரசு அதைப் பிடுங்க முடியாது. 2022 இல் அங்கே 6,407 முன்னாள் படையினர் தற்கொலையால் இறந்தார்கள், சராசரியாக நாளொன்றுக்கு 17 பேருக்கு மேல். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால் இறந்தவர்கள். அதனால் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் 'தூரமும் நேரமும்' என்ற வழியில் போகிறது. துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாகக் கொடுப்பது, தோட்டாவைத் தனி இடத்தில் வைக்கச் சொல்வது, மனம் சரியாகும் வரை நம்பிக்கையான ஒருவரிடம் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வது. 'தற்காலிகமாக' என்பதை அழுத்திச் சொல்வார்கள். பறித்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்த மனிதர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

இதைச் சுற்றி வேறு ஏற்பாடுகளும் உண்டு. 2007 இல் தொடங்கிய நெருக்கடித் தொலைபேசிச் சேவைக்கு, 2022 ஜூலை முதல் 988 ஐ அழைத்து 1 ஐ அழுத்தினால் போதும். சேவையிலிருந்து விலகியவரை முதல் வருடத்தில் மூன்று முறை அவர்களாகவே அழைத்து நலம் விசாரிக்கிறார்கள், ஏனென்றால் விலகிய முதல் வருடமே ஆபத்துக் கூடிய காலங்களில் ஒன்று. அதிக ஆபத்தில் இருப்பவரின் மருத்துவக் கோப்பில் அடையாளமிட்டு, முதல் 30 நாட்களுக்குள் குறைந்தது நான்கு சந்திப்புகள் நடக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 2023 ஜனவரி முதல், நெருக்கடியில் வரும் முன்னாள் படையினருக்கு 30 நாள் வரை தங்கியும் 90 நாள் வரை வந்துபோயும் பெறும் சிகிச்சை இலவசம்.

இவ்வளவு இருந்தும் எண்ணிக்கை ஏன் பெரிதாக இறங்கவில்லை? முக்கியமான காரணம், தற்கொலையால் இறந்த முன்னாள் படையினரில் பெரும்பாலானோர் அண்மைக் காலத்தில் அத்திணைக்களத்தின் சிகிச்சைக்கே வராதவர்கள். வாசலுக்கு வருபவரை மட்டும் காப்பாற்றும் திட்டம், வாசலுக்கு வராதவரைத் தொடுவதில்லை. நம் ஊர்களிலும் இதே பிரச்சினைதான். கிளினிக்குக்கு வருபவர் ஒருவர், வராமல் வீட்டில் மூலையில் இருப்பவர் பலர்.

அவுஸ்திரேலியா 2021 இல் படையினர், முன்னாள் படையினரின் தற்கொலைகளை ஆராயவென்று ஓர் அரச ஆணைக்குழுவையே அமைத்தது. 2024 செப்டெம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த இடைக்கால அறிக்கை முதலில் கைவைத்தது மனநல சிகிச்சையில் அல்ல. நட்டஈட்டுச் சட்டங்களின் சிக்கலையும், தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களையும் சரிசெய்யச் சொன்னது. பணம் வருமா வராதா என்று மாதக்கணக்கில் காக்க வைப்பதே ஆளை உடைக்கிறது என்பது அங்கே சாட்சியங்களில் வந்தது. சேமலாப நிதிக்காக அலைந்து களைத்த எந்தத் தோட்டத் தொழிலாளிக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கோப்பை நேரத்துக்கு முடித்துக் கொடுக்கும் கிளார்க்கும் தற்கொலைத் தடுப்பில் ஒரு பங்காளி.

இங்கே, நம் பக்கத்தில்

மலையகத் தமிழர்களில் படையில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் இது வேற்றாருடைய விஷயம் என்று சொல்ல முடியாது. இராணுவக் கல்லூரி தியத்தலாவையில் இருக்கிறது. போர் 2009 மே மாதத்தில் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்கள், வெலிமடை, பண்டாரவளை, மாத்தளைப் பக்கக் கிராமங்களில் தோட்டத்துக்கு அயலவராக இருக்கிறார்கள். ஒரே கடையில் சாமான் வாங்குகிறோம். ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறோம்.

காயமுற்ற, ஓய்வுபெற்ற படையினரின் நலனுக்காக 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை உருவாக்கப்பட்டது. முறையாக விலகியவருக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. அனுமதியின்றிச் சேவையை விட்டுப் போனவருக்கு அது எளிதல்ல. இவர்களுக்காக அரசாங்கம் பலமுறை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவர் எந்த அரச அலுவலகத்துக்கும் அடையாள அட்டையை நீட்டத் தயங்குவார். நித்திரையின்மை, திடீர்க் கோபம், குடி என்று இருந்தாலும் வைத்தியரிடம் போகமாட்டார். அப்படிப்பட்டவருக்கு மிக எளிய வழி, பெயர் சொல்லத் தேவையில்லாத தொலைபேசிச் சேவை.

அமெரிக்க நிலைமையோடு இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே விலகும்போது ஆயுதம் முகாமிலேயே நின்றுவிடுகிறது. ஊருக்கு வந்து உருளைக்கிழங்கோ லீக்ஸோ போடுபவரின் கையருகே இருப்பது மருந்துப் போத்தல். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலும் அதுவே. எனவே படைவீரருக்கானாலும் கொழுந்து பறிப்பவருக்கானாலும், மலையகத்தில் வழிகளைக் கட்டுப்படுத்தல் என்பது முதலில் பூச்சி மருந்து, புல் மருந்து விஷயம்.

மருந்துத் தடை: செய்ததும் பலித்ததும்

1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்தது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளரின் கையில் ஒரு கருவியைக் கொடுத்திருந்தது: பதிவு இல்லாத மருந்தை இறக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பதிவை எடுத்துவிட்டால் அந்த மருந்து சந்தையிலிருந்து போய்விடும். 1984 இல் பரத்தியோன் வகை மருந்துகள் போயின. 1995 இல் உலக சுகாதார அமைப்பு மிகக் கொடிய வகுப்பில் வைத்திருந்தவற்றில் மிஞ்சியவை போயின. உடனே ஒரு சிக்கல் தலைகாட்டியது. அவற்றின் இடத்தை என்டோசல்ஃபான் என்ற பூச்சி மருந்து பிடித்தது, அதனால் இறப்பவர் தொகை ஏறியது. 1998 இல் அதையும் தடை செய்தார்கள். பிறகு 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், ஃபென்தியோன், பெரகுவாட் என்ற மூன்றையும் கட்டம் கட்டமாக நிறுத்தினார்கள். தேயிலை மலையில் புல்லுக்கு அடித்த பழைய ஆட்களுக்குக் கடைசிப் பெயர் மறந்திருக்காது.

1995 க்கும் 2015 க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 வீதம் விழுந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பீடு. விளைச்சல் போய்விடும் என்ற பயம் இருந்தது. 1995, 1998 தடைகளுக்குப் பின் நெல், மரக்கறி விளைச்சல் தரவுகளைப் பார்த்த ஆய்வில் அப்படி வீழ்ச்சி தென்படவில்லை.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வருபவர் தொகை இந்தத் தடைகளால் குறையவில்லை. வந்தவர்களில் முன்பைவிட அதிகமானோர் பிழைத்துப் போனார்கள். வீட்டுச் சண்டையும் கடனும் அவமானமும் அப்படியே இருந்தன, கையில் அகப்பட்ட போத்தலின் கொடுமைதான் குறைந்திருந்தது. (2015 இல் கிளைபோசேட் என்ற புல் மருந்தைத் தடை செய்து 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்த கதையை இதோடு சேர்க்கக் கூடாது. அது சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் வந்தது.)

பூட்டுப் பெட்டி ஏன் கைகொடுக்கவில்லை

தடை செய்யாமல், மருந்தைப் பூட்டி வைத்தால் போதாதா? நியாயமான கேள்வி. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்து, பாதி ஊர்களுக்குப் பூட்டக்கூடிய பெட்டி கொடுத்து, மூன்று வருடம் பார்த்தார்கள். 2017 இல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் நஞ்சருந்தலில் வேறுபாடு இல்லை.

காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியும். நெருக்கடியில் இருப்பவரே சாவிக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். பக்கத்து வீட்டிலோ கடையிலோ மருந்து கிடைக்கும். இதற்கு முன்பு நடந்த ஒரு சிறு முயற்சியில் இன்னொன்றும் தெரிந்தது: வயலில் ஒளித்து வைத்திருந்த போத்தல்கள், பெட்டி வந்த பிறகு வீட்டுக்குள் குடியேறின. பாதுகாப்பு என்ற பெயரில் ஆபத்து அடுப்படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அதனால் லயத்து வீட்டுக்கு எங்கள் பரிந்துரை பூட்டு அல்ல. மருந்து வீட்டில் இருக்கவே கூடாது. தோட்டத்து மருந்து ஸ்டோரில் தொடங்கி ஸ்டோரில் முடிய வேண்டும். அடித்து மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது மலையகம் முழுக்க உள்ள பழக்கம். அதை நிறுத்த வேண்டியது கங்காணியும் ஸ்டோர்க்காரரும். கொடுத்த அளவையும் திரும்பி வந்த அளவையும் வெற்றுப் போத்தலையும் புத்தகத்தில் எழுதினாலே பாதி வேலை முடியும். சொந்தமாக மரக்கறி போடுபவர்கள் ஒரு தடவை அடிக்கத் தேவையான மிகச் சிறிய போத்தலையே வாங்கலாம். மிஞ்சினால், அந்த நேரம் வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாமல் இருந்தால், வேறு லயத்தில் இருக்கும் உறவினரிடமோ ஸ்டோரிலோ கொடுத்து வைக்கலாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பெரியவர்களின் பிரஷர், சீனி மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைத்து வாராவாரம் எடுத்துக் கொடுப்பது நல்லது.

கேட்பது, எழுதி வைப்பது

மனம் நொந்திருப்பவரிடம் தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டால் பெரும்பாலும் ஆள் இளகுவார். சுற்றி வளைக்காமல், தனியே கூட்டிப்போய், "அண்ணே, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் அடுத்த கேள்வி, "எப்படின்னு யோசிச்சீங்களா? அது வீட்டுல இருக்கா?" இரண்டாவது கேள்விக்கும் "ஆமா" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், அந்தப் பொருளை அங்கிருந்து அகற்றுங்கள். குடித்திருக்கும்போது ஆபத்து பல மடங்கு. புத்திமதியை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றிரவு கூட இருப்பதே வேலை.

அமெரிக்க முன்னாள் படையினர் ஆஸ்பத்திரிகளில் 'பாதுகாப்புத் திட்டம்' என்று ஒரு தாளை நோயாளியோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதை எழுதி, வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியிலும் தொடர்ந்து பேசியபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் சுமார் 45 வீதம் குறைவாக இருந்ததாக 2018 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதற்குக் கருவி ஒரு பயிற்சிக் கொப்பித் தாளும் பேனாவும்தான். ஆறு விஷயங்கள் அதில் வரும். எனக்கு மோசமாகப் போகிறது என்பதற்கான அடையாளம் (இரண்டு இரவு தூங்கவில்லை, சம்பள நாளில் சண்டை). தனியாகச் செய்து பார்க்கக்கூடியது (குளிப்பது, மலைப்பாதையில் நடப்பது). கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும் (கோவில், வாலிபால் நடக்கும் கிரவுண்ட்). உதவி கேட்கக்கூடிய இருவரின் பெயரும் நம்பரும். வைத்தியர், ஆஸ்பத்திரி, உதவித் தொலைபேசி. கடைசியாக, வீட்டிலிருந்து எதை யார் எடுத்து வைக்கிறார்கள் என்பது. பலர் முதல் ஐந்தை எழுதிவிட்டு ஆறாவதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில் மலையகத்துக்கு ஆறாவதே முதலாவது. தாளை மடித்து அவருடைய பர்ஸில் வைக்க வேண்டும், அலமாரியில் அல்ல.

ஏற்கனவே ஏதாவது அருந்திவிட்டார் என்றால் யோசிக்க நேரமில்லை. 1990 என்ற நம்பரை அழைத்தால் வரும் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பாதை மோசமென்றால் லொறியிலோ த்ரீவீலரிலோ மெயின் ரோட்டுக்கு இறங்கியபடியே அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், அவை நுரையீரலுக்குள் போய்க் கேடு செய்யும். லேபலோடு போத்தலையோ அட்டையையோ எடுத்துப் போங்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், சில நஞ்சுகள் நேரம் கழித்தே தங்கள் வேலையைக் காட்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "தவறுதலாகக் குடித்தது" என்று வைத்தியரிடம் மறைப்பதும் வேண்டாம். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு

எல்லோரும் ஓய்ந்துபோகும் இடம் இது. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் வாரங்களே மறுபடி ஆபத்தானவை. உலக சுகாதார அமைப்பு ஐந்து நகரங்களில் 1,867 பேரோடு ஒரு சோதனை நடத்தி 2008 இல் வெளியிட்டது. கொழும்பும் சென்னையும் அவற்றில் இரண்டு. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதிக்கு அதோடு ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 வீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 வீதம்.

அந்த ஒன்பது தடவைகள்: 1, 2, 4, 7, 11 ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18 ஆம் மாதங்கள். தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக விலகியும் இருப்பதைக் கவனியுங்கள். இதைச் செய்ய மனநல வைத்தியர் தேவையில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர், குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்ப்பவர், கிராம உத்தியோகத்தர், இவர்களில் அந்தக் குடும்பம் நம்பும் ஒருவர் போதும். திகதிகளை முதல் நாளிலேயே கலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா, கிளினிக் போனீங்களா, அந்தச் சாமான் இன்னும் வெளியிலதானே இருக்கு" என்ற நான்கு கேள்விகள். பதில் சரியில்லையென்றால் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவரோடு கூடவே போவது. துண்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் பலர் போவதில்லை, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதால்.

பேச ஆள் தேவைப்பட்டால்: தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926, 24 மணி நேரமும் தமிழிலும். 1333 உம் இலவச ஆலோசனைச் சேவை. சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 011 2696666, பகலில். படையிலிருந்து விலகியவரும் தோட்டத் தொழிலாளியும் இதே நம்பர்களை அழைக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.